"என்பாரும் உளர்": தல்மூத் வாசிப்பும் யூதப் பண்டிகைகளும் பற்றி ஓர் ஐயம்

கேள்வி: கொட்டகலை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் கொட்டகலைப் பகுதியில் வரலாறு கற்பிக்கிறேன். இரண்டு தவணைகளுக்கு முன்பு, பழைய நாகரிகங்கள் பற்றிய பாடத்தின் நடுவே தரம் 10 மாணவி ஒருத்தி எழுந்து, வேதாகமத்தில் வரும் கூடாரப் பண்டிகையை யூதர்கள் இன்றும் கொண்டாடுகிறார்களா, கொண்டாடினால் அந்தக் கூடாரத்தை எதனால் கட்டுகிறார்கள் என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடப் போய்த்தான் தல்மூதுக்குள் வந்து சேர்ந்தேன். எபிரேயமும் அரமேயமும் அறியாதவன் ஆகையால், கைத்தொலைபேசியில் ஆங்கில மொழிபெயர்ப்பின் துணையோடு, கூடாரப் பண்டிகையாகிய சுக்கோத்தைப் பற்றிய "சுக்கா" என்னும் பகுதியை நான்கு மாதங்களாக வாசித்து வருகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாய்மொழியாக வந்த சட்ட மரபை ஏறக்குறைய கி.பி. 200 அளவில் ரபி (சமய ஆசான்) யெகுதா ஹநாசி தொகுத்த நூல் மிஷ்னா. அதில் 63 பகுதிகள் உள்ளன. அந்த மிஷ்னாவைப் பாபிலோனியாவின் கல்விக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக விவாதித்ததன் பதிவு கெமாரா. இரண்டும் சேர்ந்தது தல்மூத்.

சுக்கா பகுதியின் முதல் வரி, இருபது முழத்துக்கு மேல் உயரமான கூடாரம் செல்லாது என்கிறது. அடுத்த சொல்லே, ரபி யெகுதா (நூலைத் தொகுத்தவர் அல்லர், அதே பெயருள்ள இன்னோர் ஆசான்) அது செல்லும் என்கிறார் என்பது. செல்லாது என்றவர்களின் காரணம் என்ன என்று கெமாரா கேட்கிறது. மூன்று பேர் மூன்று காரணம் சொல்கிறார்கள். ஒருவர் அவ்வளவு உயரத்தில் கூரை கண்ணில் படாது என்கிறார். இன்னொருவர் அங்கே நிழல் தருவது சுவர்தான், கூரை அன்று என்கிறார். மூன்றாமவர் அவ்வளவு உயரமாகக் கட்டினால் அது நிலையான வீடாகிவிடும், தற்காலிகக் குடிலாக இராது என்கிறார். பிறகு அந்த மூன்று காரணங்களும் ஒன்றையொன்று மோதுகின்றன. நான் விடைக்காகக் காத்திருந்து பக்கங்களைத் திருப்பினால், யானையைக் கூடாரத்தின் ஒரு பக்கச் சுவராக நிறுத்தலாமா என்ற விவாதத்துக்கு வந்துவிட்டேன். கட்டிவைத்த யானை என்றால் எல்லோருக்கும் சம்மதம். செத்து விழுந்தாலும் அதன் உடல் பத்துக் கையகல உயரம் இருக்குமாம். கட்டாத யானை என்றால்தான் தகராறு. பெரஹராவுக்குக் கண்டிக்குப் போய் வருபவர்கள் நாம். நமக்கே இது தோன்றியிருக்காது.

சிரித்தபடியே வாசித்தாலும், மூன்று ஐயங்கள் தீரவில்லை. முடிவில் ஏற்கப்படாத கருத்தை ஏன் இவ்வளவு மரியாதையுடன் பெயர் சொல்லிப் பாதுகாக்கிறார்கள்? பண்டிகை என்றால் மகிழ்ச்சியும் வழிபாடும் என்று பழகிய எனக்கு, முழக்கணக்கிலும் கையகலக் கணக்கிலும் அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை. கடைசியாக, இதைத் தனியாளாக வாசிப்பதில் பயன் உண்டா?

ஒன்று மட்டும் மனத்தில் ஒட்டிக்கொண்டது. கூடாரத்தில் இருக்கும்போது மழை வந்தால் எப்போது எழுந்து வீட்டுக்குள் போகலாம் என்று மிஷ்னா கேட்டு, உண்ணும் கூழ் கெட்டுப்போகும் அளவுக்கு மழை பெய்தால் போகலாம் என்கிறது. பண்டிகையில் அப்படி மழை பெய்வது, தலைவனுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்க வந்த பணியாளின் முகத்திலேயே தலைவன் குடத்து நீரை ஊற்றியது போன்றது என்றும் சொல்கிறது. அந்தப் பண்டிகை செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் வருகிறது. எங்கள் ஊரில் அந்நாட்களில் குடில் கட்டினால் முதல் நாள் மாலையிலேயே கூழ் கெட்டுவிடும்.

பதில் 1: பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்பின் தம்பிக்கு, உங்கள் முதல் ஐயத்துக்கு நம்முடைய உரைநூல்களே பாதி விடை வைத்திருக்கின்றன என்பது என் எண்ணம். திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு படித்தவர்களுக்கு "என்று உரைப்பாரும் உளர்" என்ற தொடர் பழக்கமானது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் ஒரு பொருள் சொல்ல, நச்சினார்க்கினியர் அதை மறுத்து வேறு பொருள் சொல்ல, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொண்டுதான் நாங்கள் படித்தோம். மூலம் நடுவில் நிற்கும். சுற்றிலும் உரையாசிரியர்கள் நின்று வழக்காடுவார்கள்.

தல்மூதின் அச்சுப் பக்கம் இதைக் கண்ணுக்கே காட்டிவிடுகிறது. தானியேல் பொம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சகத்தார் 1520 தொடங்கி 1523 வரை வெனிஸ் நகரில் முழுத் தல்மூதையும் முதன்முறையாக அச்சிட்டபோது அமைந்த பக்க ஒழுங்கே இன்றுவரை தொடர்கிறது. நடுவில் மூலம், உட்புற ஓரத்தில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த ராஷியின் (1040–1105) உரை, வெளிப்புற ஓரத்தில் தோசஃபோத் என்னும் குறிப்புகள். இந்தத் தோசஃபோத்தை எழுதியவர்களுள் ராஷியின் பேரன்மாரும் இருந்தார்கள். பாட்டனாரின் உரையை அவர்கள் தயங்காமல் மறுத்தார்கள். பாட்டனாரும் பேரன்மாரும் ஒரே தாளில் ஐந்து நூற்றாண்டுகளாக எதிரெதிரே நிற்கிறார்கள். நம் வீடுகளில் பேரன் அப்படி மறுத்தால் சாப்பாட்டுத் தட்டு பறந்திருக்கும் என்பது வேறு விடயம்.

பண்டிகையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. ஹனுக்கா என்னும் எட்டு நாள் விளக்குப் பண்டிகையில், முதல் நாள் எட்டு விளக்கேற்றி நாளுக்கு ஒன்றாகக் குறைத்து வர வேண்டும் என்றது ஷம்மாய் என்ற பழைய ஆசானின் பள்ளி. முதல் நாள் ஒன்று ஏற்றி நாளுக்கு ஒன்றாகக் கூட்ட வேண்டும் என்றது ஹில்லேலின் பள்ளி. சுக்கோத்தில் பலியிடும் காளைகளின் தொகை நாளுக்கு நாள் குறைவதை முன்னவர்கள் சான்றாகக் காட்டினார்கள். புனிதத்தில் ஏற்றம் உண்டே தவிர இறக்கம் இல்லை என்பது பின்னவர்களின் வாதம். இன்று உலகெங்கும் ஹில்லேலின் வழியில்தான் விளக்கேற்றுகிறார்கள். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பக்கத்தைப் படிப்பவன் எட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் விளக்குவரிசையையும் மனத்தில் ஏற்றிப் பார்க்காமல் மேலே போக முடியாது. ஹில்லேலின் பள்ளி வென்றதற்குத் தல்மூத் சொல்லும் காரணம் இன்னும் சுவையானது. இரண்டும் உயிருள்ள இறைவனின் சொற்களே என்று வானிலிருந்து குரல் வந்ததாம். ஆயினும் நடைமுறையில் ஹில்லேலின் வழி ஏற்கப்பட்டதற்குக் காரணம், அவர்கள் பணிவுடையவர்களாய் இருந்து, தங்கள் கருத்தைச் சொல்லுமுன் ஷம்மாயின் பள்ளியார் கருத்தைச் சொன்னார்கள் என்பதுதான்.

உங்களுக்கு மாசி மாதக் காமன் கூத்து நினைவுக்கு வந்திருக்கும். நான் சிறுவனாயிருந்த காலத்தில், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்து முதியவர் ஒருவர், சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் விடிய விடியப் பாடும் லாவணியைப் பற்றிச் சொல்வார். எரிந்த கட்சிக்காரர் இல்லாவிட்டால் எரியாத கட்சிக்காரருக்குப் பாட்டே இல்லை. பண்டிகையின் நடுவே வழக்கு வைத்திருப்பது நமக்கும் புதிதன்று.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். கி.பி. 70இல் உரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். அதுவரை பாஸ்கா (எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் விழா), சுக்கோத் போன்ற பண்டிகைகளின் மையம் அந்த ஆலயமும், அங்கு மக்கள் மேற்கொண்ட யாத்திரையும், பலியும். கோயிலே இல்லாமற் போன பின்பு திருவிழாவை எங்கே வைப்பது? பலியிடும் மேடை போன இடத்தில் வீட்டுச் சாப்பாட்டு மேசை வந்தது. குருமார் அறிந்திருந்த ஒழுங்கை இனி ஒவ்வொரு குடும்பத் தலைவனும் அறிந்திருக்க வேண்டியதாயிற்று. எங்கு பெயர்ந்து போனாலும், எந்தப் பொருள் கிடைத்தாலும், குடிலை எப்படிக் கட்டினால் அது குடில் என்பதை வரையறுக்கும் தேவை அப்படித்தான் எழுந்தது. நீங்கள் உயிரில்லாத கணக்கு என்று நினைக்கும் முழக்கணக்கு, பெயர்ந்து போகிறவன் தன்னோடு தூக்கிக்கொண்டு போகக்கூடிய கோயில் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் மாணவிக்கு ஒரு விடை: கூரை நிலத்தில் விளைந்து, நிலத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். ஆகவே லயத்துத் தகரம் உதவாது. வேரோடு நிற்கும் சுரைக்கொடியைப் பந்தல்மேல் படரவிட்டாலும் செல்லாது என்று மிஷ்னாவே சொல்கிறது. அந்த விதிப்படி பார்த்தால் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு நன்றாகப் பொருந்தும்.

பதில் 2: பதுளையிலிருந்து ஒரு சகோதரி

சேருக்கும் ஐயாவுக்கும் வணக்கம். நான் படித்தவள் அல்லள். ஆனால் இஸ்ரேலில் டெல் அவிவுக்கு அருகே ஒரு நகரில் ஐந்தாண்டுகள் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். அவரை அவருடைய பேரப்பிள்ளைகளைப் போலவே நானும் "சபா" என்று அழைத்தேன்; அவர்கள் மொழியில் தாத்தா என்று பொருள். நான் கண்டதை எழுதினால் சேரின் மூன்றாவது கேள்விக்கு உதவலாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு முதியவர் ஒரு பெரிய புத்தகத்தோடு வந்தார். இருவரும் மேசையில் எதிரெதிரே அமர்ந்தார்கள். சிறிது நேரத்தில் சபா மேசையைத் தட்டிக் கத்தினார். மற்றவர் விரலை நீட்டித் திருப்பிக் கத்தினார். சபாவுக்கு இருதய நோய். நான் பயந்து போய் அவருடைய மகளுக்குத் தொலைபேசியில் அழைத்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, அது சண்டையன்று, அவர்கள் கற்கிறார்கள், கத்தாத நாள் வந்தால் மட்டும் அழையுங்கள் என்றார். இப்படி இருவர் சோடியாக அமர்ந்து கற்பதை "ஹவ்ரூத்தா" என்கிறார்கள். துணை இல்லையேல் சாவே மேல் என்று தல்மூதிலேயே ஒரு பழமொழி வருவதாகச் சபா சொல்வார்.

அவர்கள் நாளுக்கு ஒரு தாள் வாசித்தார்கள், இரு பக்கமும். 1923இல் ரபி மேயர் ஷபிரோ என்பவர், உலகில் உள்ள யூதர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒரே தாளை வாசிக்க வேண்டும் என்று வியன்னாவில் நடந்த மாநாட்டில் முன்மொழிந்த ஒழுங்கு அது. தாள்களின் எண்ணிக்கை 2,711. ஒரு சுற்று முடிய ஏழு ஆண்டும் சில மாதங்களும் ஆகும். பதினான்காவது சுற்று 2020 ஜனவரி 5ஆம் திகதி தொடங்கியது. சேர் தனியாக வாசித்தாலும், அதே தாளை எங்கோ இரண்டு கிழவர்கள் மேசையைத் தட்டி வாசித்துக்கொண்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாஸ்காவைச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் அதன் வேலை முழுவதும் என் தலையில்தான் விழுந்தது. பெசாக் என்னும் அந்த ஏழு நாட்களில் வீட்டில் புளித்த மாவின் துகள்கூட இருக்கக்கூடாது. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிடத்துக்குள் சுட்டெடுத்த புளியாத அப்பத்தை மட்டுமே உண்பார்கள். இரண்டு வாரமாக அலுமாரி, சட்டைப் பை, புத்தகத்தின் தாள்கள் உட்பட எல்லாவற்றையும் துடைத்து முடித்த பின், பண்டிகைக்கு முந்திய இரவில் சபா மெழுகுவர்த்தியோடு வீடு முழுதும் தேடுவார். நான் சுத்தம் செய்த வீட்டில் அவர் என்ன தேடுகிறார் என்று எனக்கு முதலில் கோபம். தேடுபவருக்கு ஒன்றும் கிடைக்காமற் போகக்கூடாது என்பதற்காக, பத்துப் பாண் துண்டுகளை நாங்களே ஒளித்துவைக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் கற்றேன். ஒளித்த இடங்களை நான் எழுதிவைக்க வேண்டும். ஓராண்டு ஒரு துண்டு காணாமற் போய், இரவு பதினொரு மணிவரை தேடினோம்.

அந்த இரவில்தான் சபா இதைச் சொன்னார். அந்தத் தேடலைப் பற்றிய மிஷ்னா "ஓர்" என்ற சொல்லோடு தொடங்குகிறது. எபிரேயத்தில் அதற்கு ஒளி என்று பொருள். பதினான்காம் நாளின் "ஓர்" என்றால் விடியற்காலையா, முந்திய இரவா? ரவ் ஹூனா ஒரு சொல்லால் விளக்குகிறார்; அது விடியலைக் குறிப்பது போல் கேட்கிறது. ரவ் யெகுதா இரவு என்கிறார். கெமாரா இதை ஒரு தாளுக்கு மேல் விவாதித்துவிட்டு, கடைசியில் இருவரும் இரவையே சொன்னார்கள், அவரவர் ஊர் வழக்கில் சொன்னதால் வேறுபோலத் தோன்றியது என்று முடிக்கிறது. சபா இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னோடு அங்கே வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருநாள், "வீட்டம்மா இண்டைக்கு என்னைப் பேசிப்போட்டா" என்று அழுதார். பேசினால் நல்லதுதானே என்று நான் கேட்டேன். அவருடைய ஊரில் பேசுவது என்றால் திட்டுவது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. இதை நான் சொன்னதும் சபா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் சிரித்தார். மறுநாள் காலை தம் நண்பருக்கும் இதையே ஒரு விளக்கமாகச் சொன்னார்.

யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளுக்கு முன்பு அவர் தொலைபேசியை எடுத்து வரிசையாக ஆட்களை அழைத்து மன்னிப்புக் கேட்பார். கடவுளுக்கு எதிரான பிழையை அந்த நாள் தீர்க்கும், அடுத்த மனிதனுக்குச் செய்த பிழையை அவனைச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காது என்பது மிஷ்னாவின் சட்டம். என்னிடமும் கேட்டார். எதற்காக என்று கேட்டேன். காணாமற் போன பாண் துண்டுக்காக உன்னைக் கத்தினேனே என்றார்.

பதில் 3: கண்டியிலிருந்து ஒரு மறுப்பு

மேலே எழுதியவர்கள் இருவரும் அழகாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். தல்மூத் முடிவே சொல்லாத நூல் என்றும், எல்லாக் கருத்தும் சமம் என்றும் இந்த உரையாடலை வாசிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். லாவணியில் விடிந்ததும் இரு கட்சியும் ஒன்றாகத் தேநீர் குடித்துவிட்டுக் கலையலாம். இங்கே மறுநாள் காலை ஒருவன் உண்மையில் குடில் கட்டியாக வேண்டும், உண்மையில் விளக்கேற்றியாக வேண்டும். சில இடங்களில் கெமாரா "தேக்கு", அதாவது நிற்கட்டும் என்று சொல்லி வழக்கைத் தீர்க்காமல் விடுவது உண்மைதான். பெரும்பாலான விடயங்களில் பின்வந்தவர்கள் தீர்ப்பை வகுத்தார்கள்.

ஏற்கப்படாத கருத்தை ஏன் பதிகிறார்கள் என்பதற்கு உரைமரபை ஒப்பிட்டு ஊகிக்கத் தேவையில்லை. எதுயோத் என்னும் பகுதியில் மிஷ்னா அதே கேள்வியைத் தானே கேட்கிறது. பிற்காலத்து நீதிமன்றம் ஒன்று அந்தத் தனி ஒருவரின் கருத்தே சரி என்று கண்டால் அதன்மேல் ஊன்றி நிற்கலாம் என்பதற்காக என்று முதலில் விடை வருகிறது. உடனே ரபி யெகுதா இதற்கு நேர்மாறான விடை சொல்கிறார்: எவனாவது இப்படித்தான் எனக்கு மரபு வந்தது என்று வாதிட்டால், நீ கேட்டது இன்னாருடைய தள்ளப்பட்ட கருத்து என்று அவனுக்குக் காட்டுவதற்காகவாம். ஒரே பதிவு, ஒருவருக்குத் திறந்த கதவு, மற்றவருக்குப் பூட்டிய கதவு. மறுப்பை ஏன் பதிய வேண்டும் என்பதிலும் அவர்கள் மறுப்பைப் பதிந்துவைத்தார்கள்.

கேள்வி கேட்ட நண்பர் விரும்புவது போல, முடிவை மட்டும் தரும் நூலையும் ஒருவர் எழுதிப் பார்த்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிதஸ் என்ற யூத அறிஞர் முழுச் சட்டத்தையும் எபிரேயத்தில் தெளிவாக வகைப்படுத்தி எழுதியபோது, சான்றுகளையும் விவாதங்களையும் விட்டுவிட்டார். அவர் காலத்திலேயே தெற்குப் பிரான்சின் ரவாத் என்பவர் அதைக் கடுமையாகக் கண்டித்துக் குறிப்புகள் எழுதினார். இன்று அந்த நூலை அச்சிடும்போது ரவாதின் கண்டனத்தையும் பக்கத்திலேயே சேர்த்து அச்சிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கொட்டகலை ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. கண்டி நண்பர் காட்டிய எதுயோத் பகுதியை நேற்றிரவே தேடி வாசித்தேன். என் முதல் கேள்வி 1,800 ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது என்பதில் சிறிது வெட்கமும் நிறைய மகிழ்ச்சியும். சகோதரியின் பதிலை என் மாணவிக்கு வாசித்துக் காட்டினேன். பாண் துண்டைத் தாங்களே ஒளித்துத் தாங்களே தேடுவது ஏமாற்று வேலை அல்லவா என்று அவள் கேட்கிறாள். அதற்கு நீங்கள்தான் விடை சொல்ல வேண்டும்.

இடையில் இன்னோர் ஐயமும் முளைத்துவிட்டது. இஸ்ரேலில் ஒரு நாள் கொண்டாடும் பண்டிகை நாளை, வெளிநாட்டு யூதர்கள் இரண்டு நாள் கொண்டாடுவதாக வாசித்தேன். ஏன்? அடுத்ததாக எந்தப் பகுதியைத் தொடங்கலாம் என்றும் ஐயா சொன்னால் நல்லது. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர், போயா தினங்களில் என்னோடு அமர்ந்து வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்கும் குரல் பெரியது.

பதில் 4: பண்டாரவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, கண்டி நண்பரின் திருத்தத்தை ஏற்கிறேன். லாவணி ஒப்பீட்டை இழுத்த இழுப்பில் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்துவிட்டேன்.

இரண்டாம் நாளின் கதை மலைநாட்டாருக்கு நன்றாக விளங்கும். பிறையைக் கண்ட சாட்சிகள் வந்து சொன்ன பின்பே மாதம் பிறந்ததாக எருசலேமில் அறிவிப்பார்கள். அந்தச் செய்தியை மலைக்கு மலை தீ காட்டி அனுப்பினார்கள். நீண்ட தேவதாருக் கழியில் நாணலும் எண்ணெய் மரமும் சணல் நாரும் கட்டி, ஒருவன் மலையுச்சிக்கு ஏறித் தீ மூட்டி, அடுத்த மலையில் தன் தோழனும் அப்படியே அசைப்பதைக் காணும்வரை அசைத்துக்கொண்டே நிற்பான் என்று மிஷ்னா விவரிக்கிறது. ஒலிவ மலையிலிருந்து சர்தபா, அங்கிருந்து குரோபினா, பிறகு ஹவ்ரான் என்று பாபிலோனியாவை நோக்கித் தீ போகும். அயலில் வாழ்ந்த வேறு சமயக் குழுவினரான சமாரியர்கள் பொய்த் தீ மூட்டிக் குழப்பவே, ஆள் அனுப்பும் வழக்கம் வந்தது. ஆள் நடந்து போய்ச் சேராத தூரத்தில் இருந்தவர்கள் எந்த நாள் சரி என்று அறியாமல் இரண்டு நாளும் கொண்டாடினார்கள்.

பின்னர் கணக்கிட்ட பஞ்சாங்கம் வந்து ஐயம் தீர்ந்துவிட்டது. இனியும் ஏன் இரண்டு நாள் என்று தல்மூதிலேயே கேள்வி எழுகிறது. உங்கள் முன்னோரின் வழக்கத்தில் கவனமாயிருங்கள் என்று இஸ்ரவேல் நாட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள் என்பது விடை. இந்த இடத்தில் நான் சற்றுத் தங்கிவிட்டேன். 1823இல் தொடங்கிய நம் வருகையின் இருநூறாம் ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தோம். நம் முன்னோர் கொண்டுவந்த மாரியம்மன் திருவிழாவின் சில முறைகளை அவர்கள் விட்டு வந்த ஊர்களிலேயே இன்று காண முடியாது என்று அங்கு போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தூரத்தில் இருப்பவனே ஒரு நாள் கூடுதலாகக் கொண்டாடுகிறான்.

யூதர்களுக்கும் நம் மலைக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பாவின் யூத வங்கிக் குடும்பமான ரொத்ஸ்சைல்ட் குடும்பத்தின் உறவினரான டி வோர்ம்ஸ் சகோதரர்கள் 1840களில் புசல்லாவையில் காப்பித் தோட்டம் நடத்தி, சீனத் தேயிலைக் கன்றுகளையும் நட்டுப் பார்த்தார்கள். ரொத்ஸ்சைல்ட் என்ற தோட்டத்தின் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. அது வேறு கதை, தனியே எழுத வேண்டியது.

அடுத்து "தஆனித்" பகுதியைத் தொடங்குங்கள். அது மழையைப் பற்றியது. வேண்டுதலில் மழையின் வல்லமையை எந்த நாளிலிருந்து குறிப்பிடுவது என்பது அதன் முதல் வரி. சுக்கோத்தின் முதல் நாளிலிருந்து என்கிறார் ரபி எலியேசர். கடைசி நாளிலிருந்து என்கிறார் ரபி யெகோஷுவா, ஏனெனில் குடிலில் இருக்கும்போது மழை வருவது சாபத்தின் அடையாளம். உங்கள் கெட்டுப்போன கூழ் அங்கேயும் வந்து நிற்கும். மேலே போகும்போது, பாபிலோனியாவில் மழை கேட்கும் நாளும் இஸ்ரவேல் நாட்டில் கேட்கும் நாளும் வேறு என்பதைக் காண்பீர்கள். உங்கள் பக்கத்துச் சரிவுக்குத் தென்மேற்குப் பருவமழை, சகோதரியின் பதுளைக்கு வடகீழ்ப் பருவமழை. ஆகையால் அந்தப் பக்கத்தை நீங்கள் இருவரும் ஒரே விதமாக வாசிக்கப் போவதில்லை.

பதில் 5: பதுளையிலிருந்து ஒரு சகோதரி

சேர், உங்கள் மாணவி கேட்டதை நானும் சபாவிடம் கேட்டேன். தேடு என்பதுதான் கட்டளை, கண்டுபிடி என்பது அன்று. ஆனால் கிழவனுக்கு வெறுங்கையோடு திரும்பினால் மனம் சோர்ந்துவிடும் என்றார். மாணவிக்கு இது போதாது என்றால், பாஸ்கா இரவைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்றையும் சொல்லுங்கள். அந்த இரவில் பிள்ளை கேள்வி கேட்க வேண்டும். பிள்ளை இல்லாவிட்டால் மனைவி கேட்க வேண்டும். யாரும் இல்லாமல் தனியாக இருப்பவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாச் சட்டமும் அறிந்த அறிஞர் இருவர் மட்டும் இருந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்டே தீர வேண்டும். விடை தெரிந்திருந்தும் கேட்பதை அவர்கள் ஏமாற்று என்று நினைப்பதில்லை.

தஆனித்தில் நினிவே ஊரார் வரும் இடத்துக்குப் போனதும் எனக்கு எழுதுங்கள். மற்றவர்களுக்கு மழை வேண்டாத கோடையிலும் எங்களுக்கு மழை வேண்டும், நாங்கள் எப்படி வேண்டுவது, எங்களை ஓர் ஊராக எண்ணுவதா, தனி ஆட்களாக எண்ணுவதா என்று அவர்கள் மிஷ்னாவைத் தொகுத்த ரபி யெகுதா ஹநாசிக்குக் கேட்டு அனுப்பினார்கள். தனி ஆட்களாகத்தான் என்று பதில் வந்தது. அந்தப் பதில் சரிதானா என்று சபாவும் அவருடைய நண்பரும் இரண்டு நாள் கத்தினார்கள். நான் நினிவே ஊரார் பக்கம் என்று சொன்னேன்.